பாக்கி 17 குண்டுமணி

எல்லோருக்கும் வணக்கம்.

பாலாற்று வெள்ளம் எங்கள் பள்ளி வகுப்பறைக்குள் வந்த கதையை நான் மறுபடி எழுதப் போவதில்லை. படமும் வீடியோவும் ஊரில் எல்லோர் போனிலும் சுற்றிவிட்டன. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோயிலுக்குத் திரும்பிவிட்டார். பாலாறு இந்த வருடம் திரும்பியது, அதுவும் எங்கள் பள்ளி வழியாக. அவ்வளவுதான், விடுங்கள். இது நன்றி மடல்.

மூன்று மாதமாகப் பிள்ளைகள் செய்து அடுக்கி வைத்திருந்த 34 கிளைடர்களும் (எஞ்சின் இல்லாமல், கையால் எறிந்து பறக்கவிடும் குட்டி விமானங்கள்) சேற்றோடு போயின. அறிவியல் கண்காட்சிக்கு அப்போது ஒன்பது நாள் பாக்கி. அந்த ஒன்பது நாளில் எங்களுக்குக் கை கொடுத்தவர்களை முதலில் மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. சேற்றை வாரி வெளியே கொட்டிய தூய்மைப் பணியாளர் அக்காக்கள். மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பெட்டிகளின் தெர்மாகோல் மூடிகளை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிய அண்ணன் (மூன்று முறை கழுவியும் வஞ்சிர வாசனை எட்டாம் வகுப்பை விட்டுப் போகவில்லை). அந்த மூடிகளை மெல்லிசாக அறுக்க நிக்ரோம் கம்பியும், அதைச் சூடாக்கப் பழைய பைக் பேட்டரியும் கொடுத்த அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் கடைக்காரர். கம்பி பக்கத்தில் பிள்ளைகளை விடாமல் தாங்களே உட்கார்ந்து அறுத்துக் கொடுத்த பழைய மாணவர்கள். கிளைடருக்குக் குச்சி வேண்டுமென்று வீட்டுத் துடைப்பத்தில் பாதியை உருவிக் கொடுத்துவிட்டு மீதியால் பெருக்கிய அம்மாக்கள். சிலபஸ் என்ன ஆச்சு என்று ஒரு நாளும் கேட்காத எங்கள் தலைமையாசிரியர். எல்லோருக்கும் கை கூப்பி நன்றி.

இனி நகை செய்யும் பத்தர் ஐயா.

பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பள்ளிக்கு எதிர்ச் சந்தில் கடை. எட்டுக்கு ஆறு அடி இருக்கும். அவர் வீட்டுப் பிள்ளைகள் யாரும் எங்கள் பள்ளியில் படிக்கவில்லை. பதினைந்து வருடமாக அந்தக் கடையைத் தாண்டித்தான் பள்ளிக்கு வருகிறேன். ஒரு திருகாணி மாற்றக்கூட உள்ளே போனதில்லை.

புது கிளைடர்கள் பறக்கவே இல்லை. பழையவை கடையில் வாங்கிய ஒரே கனத் தாளில் செய்தவை. இவை கையால் அறுத்தவை. ஓர் இறக்கை தடிப்பு, இன்னொன்று சன்னம். எறிந்தால் ஒன்று இடப்பக்கம் சுற்றித் தரையில் குத்தும். இன்னொன்று மூக்கைத் தூக்கும், வேகம் குறையும், தொப்பென்று விழும், மறுபடி தூக்கும். எடையின் மையம் சரியான இடத்தில் இல்லையென்றால் இப்படித்தான் ஆகும். சாதாரணச் செவ்வக இறக்கை என்றால், முன் விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தின் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் நடுவில் அந்த மையம் விழ வேண்டும். மூக்கில் எடை சேர்த்தால் முன்னே வரும். சேர்க்கலாம், எதைச் சேர்ப்பது? ஜெம் கிளிப் ஒன்று ஏறக்குறைய ஒரு கிராம். எங்கள் கிளைடரே எட்டு கிராம். ஒரு கிளிப் போட்டால் மண்ணில் குத்துகிறது, எடுத்தால் வானத்தைப் பார்க்கிறது. களிமண் வைத்துப் பார்த்தோம், காய்ந்து உதிர்ந்தது.

நான்காம் நாள் மதியம் ஒரு கிளைடர் மதில் தாண்டிப் பத்தர் கடைக்குள் போய் விழுந்தது. அந்தக் கடையில் எந்நேரமும் நெருப்பு எரியும். வகுப்பே உறைந்துபோய் நின்றது. கிளைடர் யாருடையதோ அந்தப் பெண் மேசைக்கு அடியில் உட்கார்ந்துகொண்டாள்.

அரை மணி நேரம் கழித்து அவரே வந்தார். கிளைடரை இரண்டு கையிலும் ஏந்தி, ஏதோ பிரசாதம் மாதிரி கொண்டுவந்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“யாருதும்மா இது? இடது ரெக்கை மூணு குண்டுமணி பாரம்.”

கடையில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். உடம்பின் நடுவில் மூக்கிலிருந்து வால்வரை ஒரு கோடு போல நூல் கட்டி, கொக்கியில் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, உயர்ந்து நின்ற பக்கத்தின் நுனியில் ஒவ்வொரு குண்டுமணியாக வைத்திருக்கிறார். மூன்றாவது குண்டுமணியில் மட்டமாக நின்றதாம். எழுபது வயதைத் தாண்டியவர், கல்யாண சீசனில், கையிலிருந்த தாலி வேலையை ஓரம் வைத்துவிட்டு, முன்பின் தெரியாத ஒரு பிள்ளையின் மீன் வாசனை அடிக்கும் பொம்மையை நிறுத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

பாரம் எங்கிருந்து வந்தது என்று அப்புறம்தான் புரிந்தது. இடது இறக்கையில் மட்டும் அவள் தேசியக் கொடியைப் பெயிண்டில் வரைந்திருந்தாள். இரண்டு கோட்டிங். 1981-ல் அமெரிக்க விண்ணோடத்தின் முதல் இரண்டு பயணங்களில் பெரிய எரிபொருள் தொட்டிக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். மூன்றாவது பயணத்திலிருந்து அடிப்பதை நிறுத்தியதில் சுமார் 270 கிலோ மிச்சமானது. அந்தத் தொட்டி பழுப்பு நிறத்திலேயே போனதற்கு அதுதான் காரணம். இதை நான் வருடா வருடம் வகுப்பில் சொல்வேன், பிள்ளைகளும் வருடா வருடம் கொட்டாவி விடுவார்கள். அன்று யாரும் விடவில்லை.

மறுநாள் மாலை நான்கு மணிக்கு ஒரு மரப்பெட்டியோடு வந்தார். உள்ளே சிவப்புத் துணியில் சுற்றிய கைத்தராசு, அவர் அப்பா காலத்தது. கடையில் எலக்ட்ரானிக் தராசும் இருக்கிறது. “அது நம்பர் காட்டும், பசங்களுக்கு இது சாயறது தெரியும்” என்றார். ஒரு பெருங்காய டப்பாவில் குண்டுமணிகள். எல்லாம் ஒரே எடையாக இருக்கும்படி பொறுக்கிச் சேர்த்தவை. ஒன்று சுமார் 120 மில்லிகிராம். ஒரு ஜெம் கிளிப்பை எட்டாகப் பிரித்த மாதிரி! நான் நான்கு நாளாகத் தேடியது அந்தப் பெருங்காய டப்பாவில் இருந்தது.

(குண்டுமணி விஷம். உடைத்து மென்றால் உயிருக்கே ஆபத்து. அதனால் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கினேன், முடிந்ததும் கை கழுவவைத்தேன். வீட்டில் செய்து பார்க்க நினைக்கும் பெற்றோர்கள், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், தயவுசெய்து வேறு எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.)

தராசை எடுத்ததும் ஃபேனை நிறுத்தச் சொன்னார். எங்கள் ஊர்ப் புழுக்கத்தில், 34 பிள்ளைகள் இருக்கும் அறையில். தட்டுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் நூலில் இறக்கைகளைத் தொங்கவிட்டார். தராசு முள் நின்றபாடில்லை. “எவன்டா மூச்சு விடறது?” என்றார். அடுத்த பத்து நிமிடம் ஒரு பிள்ளையும் மூச்சு விடவில்லை. நடுவில் ஒருவன் தாங்க முடியாமல் விட்டான், முள் ஆடியது. காற்றுக்கு விசை உண்டு என்று நான் கரும்பலகையில் எழுதியதெல்லாம் எதற்கு!

நிறுத்துக்கொண்டே வாய்பாடு சொன்னார்: நாலு நெல்லு ஒரு குண்டுமணி, ரெண்டு குண்டுமணி ஒரு மஞ்சாடி. கிராமும் மில்லிகிராமும் குழப்பும் பிள்ளைகள் இதை ஒரே மாலையில் பிடித்துக்கொண்டார்கள். “மிஸ், என்னோடது அரை மஞ்சாடி குறையுது” என்று ஒருவன் ஓடிவருகிறான். எந்தப் பாடத்திட்டத்தில் இதைச் சேர்ப்பது?

இரண்டாம் நாள் மாலை அவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “டீச்சரம்மா, ஏரோப்ளேன் எல்லாம் எனக்குத் தெரியாது. இதை மேல தூக்கறது எது?”

நான் பன்னிரண்டு வருடமாகச் சொல்லிவரும் பதிலை ஆரம்பித்தேன். இறக்கையின் மேல்புறம் வளைந்திருக்கும், மேலே போகும் காற்றுக்குத் தூரம் அதிகம், கீழே போகும் காற்றோடு ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதால் வேகமாக ஓடுகிறது... அவர் கையிலிருந்த இறக்கையைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தார். “இது சப்பையா இருக்கே.”

சப்பையாகத்தான் இருந்தது. மீன் பெட்டி மூடி, மேலும் கீழும் ஒரே தட்டை. ஆனால் பறக்கிறது. 34 தட்டை இறக்கைகளை மேசையில் அடுக்கி வைத்துக்கொண்டு வளைவுக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.

அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். மேல் காற்றும் கீழ் காற்றும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. உண்மையில் மேலே போகும் காற்று முந்திக்கொண்டு போய்விடுகிறது. இறக்கை சற்றே சாய்ந்து காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, அதற்கு எதிர்வினையாகக் காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. மேல்புறத்தில் அழுத்தம் குறைவதும் கீழ்புறத்தில் கூடுவதும் இதே சங்கதியை இன்னொரு பக்கத்திலிருந்து பார்ப்பதுதான். வளைவு இருந்தால் வேலை சுலபமாக நடக்கும். ரொம்பச் சாய்த்தால் மேல்புறக் காற்று ஒட்டாமல் பிரிந்துவிடும், தொப்பென்று விழும். மறுநாள் இதை அவருக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொன்னேன். “அப்போ காத்தாடிதான், நூல் இல்லை, அவ்வளவுதானே” என்றார். அவ்வளவுதான் ஐயா.

என்னிடம் படித்துவிட்டுப் போன பிள்ளைகள் இதைப் படித்தால்: நான் உங்களுக்குச் சொன்னது தப்பு. மன்னித்துக்கொள்ளுங்கள். இனி அதைச் சொல்லமாட்டேன். சொல்லும் புத்தகம் கையில் வந்தால் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைப்பேன்.

ரைட் சகோதரர்களைப் பற்றியும் வேறு மாதிரி யோசிக்கத் தொடங்கியிருக்கிறேன். 1903 டிசம்பர் 17, முதல் பறப்பு 12 விநாடி, 120 அடி என்று பரீட்சைக்குக் கேட்போம். அதற்கு இரண்டு வருடம் முன்னால் அவர்களும் எங்களைப் போலத்தான் முழித்துக்கொண்டு நின்றார்கள். கிளைடர் கணக்குப்படி தூக்கவில்லை. 1901-ல் உள்ளே காற்றைச் செலுத்தி இறக்கைகளைச் சோதிக்கும் காற்றுக்குகைப் பெட்டி (wind tunnel) ஒன்றைச் செய்து, சைக்கிள் ஸ்போக்கையும் ஆக்ஸா பிளேடையும் வைத்து ஒரு தராசு செய்தார்கள். காற்றின் விசையை நிறுத்துப் பார்க்கும் தராசு. சுமார் 200 குட்டி இறக்கைகளை அதில் வைத்துப் பார்த்தார்கள். எஞ்சின், புரொப்பல்லர் என்று விழுந்து விழுந்து சொல்லித்தருகிற நான் அந்தத் தராசை ஒரே வரியில் தாண்டிப் போயிருக்கிறேன். அப்புறம், அந்த டிசம்பர் நாளில் நான்காவது முறை 59 விநாடி, 852 அடி பறந்து இறங்கியதும், காற்று வந்து விமானத்தைப் புரட்டி உடைத்துப் போட்டது. அந்த விமானம் மறுபடி பறக்கவே இல்லை. இதைச் சொன்னபோது “எங்க கிளைடர் மாதிரியே மிஸ்” என்றான் ஒருவன். அடுத்த வருடமே அவர்கள் வேறொன்று செய்து பறந்தார்கள் என்றேன். “எங்களுக்கு அஞ்சு நாள்தான் ஆச்சு” என்றான்.

கண்காட்சிக்கு முதல் நாள் காலை ஆறரை மணிக்கு மைதானத்தில் விட்டோம். வெயில் ஏறினால் காற்று லேசாகிவிடும், இறக்கைக்குப் பிடி குறையும். தரை சுட்டு மேலே கிளம்பும் காற்று வேறு கிளைடரை அலைக்கழிக்கும். பெரிய விமானங்களே வெயில் நாளில் மேலே எழும்பக் கூடுதலாக ஓட வேண்டும். எங்கள் பிள்ளைகள் அப்துல்லாபுரம் விமான ஓடுபாதையைப் பேருந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தே வளர்ந்தவர்கள் என்பதால் இது சட்டென்று புரிந்தது. கொடி வரைந்தவளின் கிளைடர், வலது நுனியில் மூன்று, மூக்கில் ஐந்து குண்டுமணிகளோடு, 97 அடி போனது. டெய்லர் டேப்பில் இரண்டு முறை அளந்தோம். 120 அடியை யாரும் தொடவில்லை. அடுத்த வருடம் தொட்டுவிடுகிறோம்.

கண்காட்சியில் முதல் பரிசு ஓர் எரிமலைக்குப் போனது. எப்போதும் எரிமலைக்குத்தான் போகும்.

பத்தர் ஐயா, நீங்கள் கூலி வாங்கவில்லை, சால்வையும் வேண்டாம் என்றீர்கள். கணக்கை மட்டுமாவது ஒழுங்காகச் சொல்கிறேன். நீங்கள் எண்ணிக் கொடுத்தது 200. நேற்று டப்பாவில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது 183. பாக்கி 17. அதில் 4 மைதானத்தில் உதிர்ந்தவை. இரண்டு நாள் தேடியும் கிடைக்கவில்லை, என் பொறுப்பு. 5 எங்கள் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் ஒரு பையனின் கிளைடர் மூக்கில் இருக்கின்றன. ஒட்டியதைப் பிரித்தால் மூக்கே பிய்ந்துவிடும், அடுத்த கிளைடர் செய்யும்வரை தவணை கேட்கிறான். மீதி 8 கொடி வரைந்த கிளைடரோடு பள்ளி வேப்பமரத்தில், உங்கள் கடைப் பக்கக் கிளையில் இருக்கின்றன. காற்றடித்து விழுந்தால் எடுத்து வையுங்கள். அவள் தினமும் காலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறாள்.