கோட் நம்பரை ஒழிச்ச மனுஷன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் ஈரோட்டுல ஜவுளிக் கடைகளுக்கு கணக்கு எழுதுறவன், முப்பது வருஷமா இதே பொழப்புதான். சாப்ட்வேர்னு பேச்சு எடுத்தாலே பேப்பர்ல அமெரிக்கா கம்பெனிக்காரங்க பேருதான் வருது. இங்க பக்கத்துல பெங்களூருல இருந்துக்கிட்டு எங்கள மாதிரி ஆளுங்களுக்காக டேலிங்கிற கணக்கு எழுதுற சாப்ட்வேர எழுதின பரத் கோயங்கா பத்தி நீங்க ஒரு முழுக் கட்டுரை போடணும்.

அவரோட அப்பா ஷ்யாம் சுந்தர் கோயங்கா வியாபாரி, மில்லுகளுக்கு சாமான் சப்ளை பண்ணவரு. அவர் கணக்குக்கு ஒத்து வர்ற மாதிரி ஒண்ணும் கிடைக்கல, அதனால 1986ல மகனே எழுதிக் குடுத்தாரு, விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸ்ல ஓடுறது. அதுல பெரிய விஷயம் என்னன்னா கோட் நம்பர் கிடையாது.

இதோட அருமை இப்ப உள்ள பசங்களுக்கு தெரியாது சார். நான் வேலைக்கு சேந்த கடையில வேற ஒரு சாப்ட்வேர், ஒவ்வொரு பார்ட்டிக்கும், அதாவது எங்ககிட்ட சரக்கு வாங்குற, விக்கிற ஒவ்வொருத்தருக்கும், ஒரு நம்பர், அத எழுதி வச்ச நோட்ட மானிட்டர் பக்கத்துலயே சணல்ல கட்டி தொங்க விட்டிருப்போம். ஒரு தடவ 1047க்கு பதிலா 1074 அடிச்சிட்டேன், கரூர் பார்ட்டி குடுத்த பணம் சேலம் பார்ட்டி கணக்குல ஏறிடுச்சு, அத கண்டுபிடிக்க ரெண்டு ராத்திரி பில்லு பில்லா புரட்டினேன், முதலாளிகிட்ட வாங்கின திட்டு தனி. அப்புறம் டேலி வந்துச்சு, பேரோட முதல் ரெண்டு எழுத்த அடிச்சா லிஸ்ட்டு வந்து நிக்குது, அன்னைக்கே அந்த நோட்ட கழட்டி பரண்ல போட்டோம்.

பில் போட்டுட்டு இருக்கும்போதே புதுப் பார்ட்டி வந்தாலும் வெளிய போக வேண்டாம், கீபோர்டுல ஆல்ட்டும் சி-யும் சேத்து அடிச்சு அங்கேயே அவங்க பேர்ல லெட்ஜர், அதாவது தனிக் கணக்கு, தொறந்துக்கலாம். பேலன்ஸ் ஷீட்ல ஒரு தொகைய காட்டி "இது எப்படி வந்துச்சு"ன்னு முதலாளி கேட்டா, என்டர் மேல என்டர் தட்டிக்கிட்டே போனா கடைசியில அந்த ஒத்த பில்லுல கொண்டு போய் நிறுத்தும். கணக்கு எழுதுறவன் பக்கத்துல உக்காந்து பாத்தவருக்குத்தான் இப்படி தோணும்.

2007ல வாட் வரி வந்துச்சு, 2017 ஜூலையில ஜிஎஸ்டி வந்துச்சு, வேலையெல்லாம் தலைகீழா மாறுச்சு, ஆனா டேலியில எஃப்5 கீ பேமென்ட், எஃப்8 சேல்ஸ், எஃப்9 பர்ச்சேஸ் இன்னைக்கும் அதேதான், என் விரலு தானா போகுது. இப்ப வர்ற சில ஆப்புல மாசத்துக்கு ஒரு தடவ பட்டன இடம் மாத்துறாங்க, ஒரு பில்லுக்கு நாலு எடத்துல மவுஸ்ல கிளிக் பண்ணணும், சாயந்தரம் கடையில கூட்டம் நிக்கும்போது அதெல்லாம் முடியுமா?

2020ல பரத் கோயங்காவுக்கு பத்மஸ்ரீ குடுத்தாங்க. எங்க ஆபீஸ்ல டேலி கத்துக்கிட்டு வந்த ஏழு பேர்ல ஒருத்தருக்கும் அவர் பேரு தெரியல. உங்க வேலைவாய்ப்பு பக்கத்துலயாவது போடுங்க சார், நான் கட் பண்ணி ஆபீஸ் சுவத்துல ஒட்டிடறேன்.

இப்படிக்கு,
ஒரு கணக்கர், ஈரோடு