நிழல் எந்தப் பக்கம் விழ வேண்டும்?

குன்னூர்,
ஐப்பசி மாதம், ஞாயிறு காலை

என் அன்பு நெட்டச்சிக்கு,

போன வாரம் நான் அனுப்பிய ஆல்பம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "ஏண்டி, அந்தப் பொத்தானை எதை வைத்து ஒட்டினாய்?" என்று கேட்டிருந்தாயே, அன்றைக்கு முழுக்க எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு சொட்டுப் பசை கூடக் கிடையாது. பொத்தான், ஸ்டேப்ளர் பின், கிழிந்த காகிதம், பெரணி இலை எல்லாமே கம்ப்யூட்டருக்குள் இருப்பவை. ஒட்டினதாக நீ நம்பிவிட்டாய் பார், அது எனக்குக் கிடைத்த முதல் பரிசு. வாட்ஸப்பில் சொல்லி மாளாது என்றுதான் பேனாவை எடுத்தேன். என் கையெழுத்து இப்போதும் கோழி கிண்டியது போலத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

அதற்கு முன் உன் முட்டி எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாயா? இங்கே ஐந்து நாளாக மழை. மழை விட்டால் மூடுபனி, மூடுபனி விலகினால் மறுபடி மழை. முந்தாநாள் விடியற்காலையில் ஒரு காட்டெருமை வேலியைச் சாய்த்துவிட்டு வந்து, பீன்ஸ் பாத்தி நடுவில் வீட்டுக்காரர் போல நின்றது. இவர் ஜன்னலுக்கு உள்ளே இருந்தபடி டார்ச் அடித்து வீரம் காட்டினார். அம்மாவுக்கு 84 முடிகிறது. காது மந்தம், ஞாபகம் மட்டும் கத்தி. அதைப் பிறகு சொல்கிறேன்.

எங்கள் வீட்டுப் பழைய ஆல்பம் உனக்கு நினைவிருக்கும். கறுப்பு அட்டைத் தாள், நடுநடுவே சிலந்திவலை போட்ட பட்டர் பேப்பர், படத்தின் நான்கு மூலைக்கும் முக்கோணக் காகிதம். அப்பா ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர் ஆயிற்றே, படம் எடுக்கிற பைத்தியம் அவருக்கு உண்டு. 1967-ல் அங்கே உற்பத்தி தொடங்கிய கதையை எத்தனை முறை நம் இருவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருப்பார்! அந்த ஆல்பத்தில் இப்போது பூஞ்சணம். நம் ஊர் ஈரம் எதைத்தான் விட்டது? தம்பி மகள்கள் இருவரும் ஆளுக்கொரு நாட்டில் இருக்கிறார்கள், ஆளுக்கொரு பிரதி வேண்டும் என்றார்கள். சரி, படங்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரிலேயே ஆல்பம் செய்துவிடலாம் என்று இறங்கினேன். இதற்கு டிஜிட்டல் ஸ்கிராப்புக் என்று பெயராம். பேரன் கிம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்தான்.

ஆரம்பத்தில் இணையத்தில் கிடைத்த அலங்காரங்களை எல்லாம் அள்ளிப் போட்டேன். ரோஜா, சாட்டின் ரிப்பன், பனித்துளி, தங்க இதயம். தம்பி மகள் பார்த்துவிட்டு, "அத்தே, காதுகுத்து ஃப்ளெக்ஸ் மாதிரி இருக்கு" என்றாள். கோபம் வந்தது, ஆனால் அவள் சொன்னது சரி. எந்த ஊர்ப் பனித்துளியோ என் அப்பாவின் படத்துக்கு மேல் என்ன செய்கிறது? அன்றே அதை எல்லாம் அழித்துவிட்டு, அம்மாவின் பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். பொத்தான், துருப்பிடித்த குண்டூசி, அட்டை ரயில் டிக்கெட், நூல்கண்டு, பழைய சம்பளச் சீட்டு. அலங்காரம் என்றால் அந்த வீட்டில் இருந்ததாக இருக்கட்டும்.

ஸ்கேனரில்தான் முதல் அடி விழுந்தது. எங்களிடம் இருப்பது பிரின்டரோடு சேர்ந்து வருகிற ஒல்லி வகை. கண்ணாடியை ஒட்டி இருப்பது மட்டும் அதில் தெளிவாக விழும். இரண்டு மில்லிமீட்டர் மேலே இருந்தாலே மங்கிவிடும். தாள், டிக்கெட், காய்ந்த இலைக்கு அது போதும். இலைக்கு ஒரு வித்தை கண்டுபிடித்தேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஸ்கேனர் மூடியைத் திறந்தே வைத்து ஓட்டினால் பின்னணி கரிய இருட்டாக வரும், வெட்டி எடுப்பது சுலபம். வெட்டிய பிறகு ஓரத்தை ஒரு புள்ளி அளவு உள்ளே தள்ளிச் சுருக்க வேண்டும். இல்லாவிட்டால் இலையைச் சுற்றிக் கோடு போட்ட மாதிரி பின்னணியின் மிச்சம் தெரியும். அப்புறம் பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்க வேண்டும். ஜேபெக் என்றால் வெட்டிய இடமெல்லாம் மறுபடி வெள்ளையாகிவிடும். நான் ஒரு வாரத்து வேலையை அப்படித் தொலைத்தேன்.

பொத்தானையும் ஊசியையும் ஜன்னலோரம் நீல சார்ட் பேப்பரில் வைத்து, போனில் நேர் மேலிருந்து படம் எடுத்தேன். வெட்டிப் பக்கத்தில் வைத்தால் எல்லாம் அந்தரத்தில் மிதக்கிறது! தண்ணீரில் விழுந்த எறும்பு போல. அங்கேதான் நிழல் வந்தது.

கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அமுக்கினால் (அது வேறு பொத்தான்) எல்லாப் பொருளுக்கும் நிழல் விழுந்துவிடும். எல்லாவற்றுக்கும் ஒரே நிழல் என்பதுதான் அதில் கோளாறு. செல்லோடேப்புக்கும் கோட்டுப் பொத்தானுக்கும் ஒரே உயர நிழல் இருந்தால் கண் உடனே பொய் என்று சொல்லிவிடும், ஏன் என்று அதற்குத் தெரியாவிட்டாலும். நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். என் பக்கம் 12 அங்குலச் சதுரம், அங்குலத்துக்கு 300 புள்ளி, ஆக 3600-க்கு 3600. ஒரு மில்லிமீட்டருக்கு ஏறக்குறைய 12 புள்ளி வருகிறது. அரை மில்லிமீட்டர் அட்டைக்கு 6 புள்ளி தள்ளி நிழல், இரண்டரை மில்லிமீட்டர் பொத்தானுக்கு 30. டேப்புக்கு ஒன்றிரண்டு புள்ளி, அவ்வளவுதான். நிறமும் சுத்தக் கறுப்பாக இருக்கக் கூடாது. பழுப்புத் தாளில் கறுப்பு நிழல் கரி பூசியது போல நிற்கும். கரும்பழுப்பு எடுத்து, கீழே உள்ள தாளின் நிறத்தோடு கலக்கிற 'மல்டிப்ளை' முறையில் வைத்தால் நிழலுக்குள்ளும் தாளின் நார் தெரியும்.

கணக்கெல்லாம் சரி. ஆனாலும் பக்கம் ஒட்டவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். நாலாம் நாள் காலையில் மூடுபனி ஜன்னல் வரை வந்து நின்றது. மேசையில் கிடந்த டீ கிளாஸைப் பார்த்தேன். அதற்கு நிழலே இல்லை, நெட்டச்சி! கிளாஸின் அடி மேசையைத் தொடுகிற இடத்தில் மட்டும் மை தீட்டினாற்போல ஒரு மெல்லிய இருட்டு. எந்தப் பக்கமும் சாயவில்லை. வெளிச்சம் வானம் முழுக்க இருந்து வந்தால் நிழல் எங்கே போய் விழும்? நம் ஊரில் வருடத்தில் பாதி நாள் இப்படித்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், பார்த்ததில்லை. நான் போட்டு வைத்திருந்த நிழலெல்லாம் உங்கள் திருநெல்வேலி மத்தியான நிழல். அப்பாவின் படங்களோ பனிக்குள் எடுத்தவை. படத்தில் இருக்கிறவர்கள் ஒரு வானிலையில், பக்கத்தில் இருக்கிற பொத்தான் வேறு வானிலையில்!

அப்புறம் பக்கம் பக்கமாகப் பிரித்தேன். பனிப் படங்கள் உள்ள பக்கத்தில் பொருளின் அடியை ஒட்டி மட்டும் இருட்டு, வெளியே போகப் போகக் கரைவது. வெயில் படங்களில் முதலில் படத்தையே உற்றுப் பார்ப்பேன், மூக்கு நிழல் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்று. பொத்தானுக்கும் அதே பக்கம்.

குண்டூசி பற்றிச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. குண்டூசி தாளுக்குள் நுழைந்து, அடியில் ஓடி, மறுபடி வெளியே வரும். நடுப்பகுதி கண்ணுக்குத் தெரியக் கூடாது. தெரிகிற இரண்டு துண்டிலும் நிழல் ஒரே சீராக இருக்காது. நுழைகிற இடத்தில் நிழலும் ஊசியும் ஒன்றாகிவிடும், தலைப்பக்கம் தூக்கி நிற்பதால் அங்கே விலகிப் போகும். ஆகவே நிழலைத் தனி அடுக்காகப் பிரித்துக் கையாலேயே வளைக்க வேண்டும். ஸ்டேப்ளர் பின்னுக்கும் இரண்டு முனையில் நிழல் கிடையாது. தாள் அங்கே லேசாகக் குழிந்திருக்கும். அப்பாவின் சம்பளச் சீட்டில் பின் இருந்த இடத்தில் துரு ஊறி ஒரு செம்பழுப்பு வளையம் இருந்தது. அதை அப்படியே எடுத்துப் பின்னுக்கு அடியில் வைத்தேன். வைத்ததும் பின்னுக்கு வயது வந்துவிட்டது.

பொத்தானில் நாலு ஓட்டை. ஓட்டை வழியே கீழே இருக்கிற தாள் தெரிய வேண்டும், அதுவும் கொஞ்சம் இருட்டாக. நூலைப் பெருக்கல் குறி போலக் கட்டினேன். அச்சுப் போட்டு வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள், வராது, அசந்து போவாள் என்று மனசுக்குள் ஒரு சினிமா ஓட்டி வைத்திருந்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தாள். "இது உங்கப்பா சட்டைப் பொத்தான் இல்ல. நான் குறுக்கா தைக்க மாட்டேன், ரெண்டு கோடாத்தான் தைப்பேன்" என்று சொல்லிவிட்டு மாத்திரையைக் கேட்டாள். உண்மையாகவா என்று பீரோவில் அப்பாவின் பழைய சட்டையை எடுத்துப் பார்த்தேன். ஏழு பொத்தானும் இரண்டிரண்டு கோடு. உட்கார்ந்து மாற்றிவிட்டேன். உனக்கு அனுப்பியது மாற்றியதுதான்.

கிழிந்த காகிதத்துக்கு என் கல்யாணப் பத்திரிகை பலியானது, இவரிடம் சொல்லிவிடாதே. சிவப்பு அச்சடித்த தடித்த தாள். இழுத்துக் கிழித்தால் ஒரு துண்டின் ஓரத்தில் உள்ளே இருக்கிற வெள்ளை தெரியும், மற்றத் துண்டில் தெரியாது. பஞ்சு மாதிரி ஒழுங்கில்லாத அந்த வெள்ளையை மவுஸால் வரைந்து பார்த்தேன், பிஸ்கட்டைக் கடித்தது போல வந்தது. கிழித்து ஸ்கேன் செய்வதே மேல்.

டிக்கெட், நாம் மலை ரயிலில் லவ்டேல் போய் வந்த அன்றையது. 2005-ல் அந்த ரயிலுக்கு உலகப் பாரம்பரியப் பட்டம் வந்தது, நமக்கு அப்போது அது வெறும் ரயில். உள்ளங்கையில் மறைகிற பழுப்பு அட்டை, தேதி அழுத்திய பள்ளம் இப்போதும் விரலில் தட்டுகிறது. அந்தப் பள்ளத்தைக் காட்ட, எழுத்தின் ஓரங்களில் ஒரு பக்கம் மெல்லிய வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய இருட்டு. அதிகமானால் பிளாஸ்டிக் பொம்மை ஆகிவிடும்.

நம் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் பூவேலைச் சால்வை ஒன்று இருக்கிறது, வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும். அந்த வேலைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். கோடுகளைக் கம்ப்யூட்டரில் வரைந்து பார்க்கலாம் என்று ஒரு ஆசை. வரைந்தேன், தரைவிரிப்பு டிசைன் போல வந்தது. துணியின் இழையை எண்ணி எண்ணிக் கையால் போடுவது, ஒவ்வொரு நூலும் ஒரு மயிரிழை வேறு. கூச்சமாகவும் இருந்தது, அவர்களுடையதை நான் எதற்கு நகல் எடுக்க வேண்டும்? அம்மா அந்தச் சால்வையைப் போர்த்தியிருக்கும் படம் ஒன்றையே பெரிதாக வைத்துவிட்டேன்.

பெரணி நினைவிருக்கிறதா? பள்ளிக்கூடம் போகிற வழியில், அடியில் வெள்ளை மாவு பூத்திருக்குமே, அந்த வகை. புறங்கையில் வைத்து ஓங்கி அடித்தால் வெள்ளையாக அச்சு விழும். உன் நெற்றியில் ஒரு தடவை அடித்துவிட்டு ஓடினேன். இப்போது கறுப்புத் தாளில் அடித்து ஸ்கேன் செய்தேன். பாதி அழுத்தமாக, பாதி காணாமல் விழுந்தது. எந்த விலை கொடுத்தாலும் அந்த மாதிரி முத்திரை கிடைக்காது. 1982-ல் நாம் தமிழ்ப் புத்தகத்தில் வைத்து அழுத்திய குறிஞ்சியும் டப்பாவில் இருந்தது. இப்போது அது டீத்தூள் நிறம். நீலத்தை ஏற்றிவிடலாம், இரண்டு நிமிஷ வேலை. கை போகவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு தடவைதானே பூக்கும், நீலம் வேண்டும் என்றால் 2030-ல் வா, மலையில் பார்க்கலாம். பறிக்க விட மாட்டார்கள், சொல்லிவிட்டேன்.

கோயம்புத்தூரில் ஒரு லேபில் அச்சுப் போட்டது முதல் தடவை சொதப்பியது, தப்பு என்னுடையது. கம்ப்யூட்டர் திரை பின்னாலிருந்து வெளிச்சம் அடிக்கிறது, தாளுக்கு அது இல்லை. திரையில் இதமாக இருந்த நிழல் தாளில் இருண்டு போயிற்று. இப்போது நிழலைக் கொஞ்சம் வெளுக்க வைத்து, ஒரே ஒரு பக்கம் சோதனை அச்சுப் பார்த்த பிறகுதான் மற்றதை அனுப்புகிறேன்.

எல்லாப் பக்கமும் முடிந்துவிட்டது, ஒன்றைத் தவிர. உன் கல்யாணம். பாளையங்கோட்டை மொட்டை மாடியில், உச்சி வெயிலில், கண்ணைச் சுருக்கிக்கொண்டு நாம் இருவரும் நிற்கிற படம். அன்று அவசரத்துக்கு உன் முந்தானையில் நான் குத்திவிட்ட ஊக்கை அந்தப் பக்கத்தின் மூலையில் வைக்க ஆசை. இந்த மலையில் இந்த மாதத்தில் அந்த நிழலுக்கு நான் எங்கே போவேன்? ஆகவே நீதான் எடுக்க வேண்டும். முட்டி இடம் கொடுத்தால் மாடிக்கு, இல்லாவிட்டால் வாசல் திண்ணை போதும். பகல் ஒரு மணி வாக்கில் வெள்ளைத் தாளில் ஒரு ஊக்கை வைத்து, உன் தலை நிழல் தாளில் விழாமல், நேர் மேலிருந்து எடு. பளபளக்கிற புது ஊக்கு வேண்டாம்.

அவருக்கு என் வணக்கம் சொல். குழந்தைக்கு வர்க்கி அனுப்புகிறேன், தூளாகாமல் வந்து சேர்ந்தால் அதிர்ஷ்டம்.

உன்
குட்டச்சி