மழைத்தொட்டிக்குக் கை கொடுத்தவர்களுக்கு

எங்கள் குடியிருப்பின் மழைநீர்த் தொட்டிக்காக உழைத்த அனைவருக்கும் வணக்கம்.

முந்தாநாள் இரவு மழை பிடித்ததுமே குடையோடு தொட்டியடிக்கு ஓடினேன். மாடியைக் கழுவி வரும் முதல் அழுக்குத் தண்ணீரைத் தொட்டிக்குப் போகாமல் பிடித்து வைக்கும் ஒதுக்குக் குழாய்க்குள் தண்ணீர் ஏறும் சத்தம் கேட்டது. உள்ளிருந்த பந்து மிதந்து வந்து வாயை அடைத்ததும், தெளிந்த தண்ணீர் சளசளவெனத் தொட்டியில் விழுந்தது. கண் கலங்கிவிட்டது.

முதல் நன்றி பிளம்பர் அண்ணனுக்கு. முன்பு வேறு ஆட்கள் வடிகுழாயை நேரே தொட்டியில் செருகிவிட்டுப் போனார்கள். பறவை எச்சமும் சருகும் புழுதியும் உள்ளே இறங்கி, நாலே நாளில் தண்ணீர் நாறிப்போனது. ஒரு குடத்துக்கு ஏங்கிக் கிடந்த நாங்களே அத்தனையையும் திறந்துவிட்டோம். அந்தச் சாயங்காலம் யாரும் யாரோடும் பேசவில்லை.

"மாடி கழுவுற தண்ணிக்குத் தனி வழி விடணும்மா" என்று சொல்லி, அண்ணன் சாக்பீஸால் தரையிலேயே கணக்குப் போட்டார். ஒரு வடிகுழாய்க்கு 60 சதுர மீட்டர் மாடி. சதுர மீட்டருக்கு அரை லிட்டர் ஒதுக்கினால் 30 லிட்டர். 4 அங்குலக் குழாயில் மீட்டருக்கு 8 லிட்டர் கொள்ளும். ஆக, 4 மீட்டர் நீளம். இரண்டு வடிகுழாய்க்கும் அப்படியே செய்தார்.

மாடியில் தண்ணீர் தேங்காமல் வாட்டம் பார்த்துப் பூசிய கொத்தனாருக்கும், வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும் என்று மூடியைத் திரும்ப மாற்றவைத்த மாமாவுக்கும் நன்றி. கொசுவலை தைத்துக் கொடுத்த அக்காவையும் மறக்கவில்லை.

இரண்டாம் மாடிச் சிறுமிக்குத் தனி நன்றி. நேரான கண்ணாடிக் குவளையை மாடியில் வைத்து, விடிந்ததும் ஸ்கேலால் அளந்து "15 மில்லிமீட்டர்!" என்று ஓடி வந்தாள். ஒரு மில்லிமீட்டர் மழை சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். 120 சதுர மீட்டருக்கு 1800 லிட்டர். தளம் உறிஞ்சியது, சிதறியது, ஒதுக்கியது போகத் தொட்டியில் 1400 லிட்டர் போல ஏறியிருந்தது. அவள் கணக்கும் தொட்டியின் கோடும் ஏறக்குறைய ஒத்துப்போனதில் எங்கள் எல்லோருக்கும் தாங்கமுடியாத மகிழ்ச்சி.

நிரம்பி வழியும் நீர் மண்ணுக்குள் இறங்கக் கசிவுக்குழி தோண்ட, தன் தோட்டத்தில் இடம் விட்ட பக்கத்து வீட்டு ஐயாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர் கிணற்றுக்கும் அந்த ஊற்று போய்ச் சேரட்டும்.

கீழ்வீட்டு அத்தை, நேற்றுக் காலை யாரும் சொல்லாமலே ஒதுக்குக் குழாயின் அடிமூடியைத் திறந்து அழுக்குத் தண்ணீரை வடித்து வைத்திருந்தீர்கள். பார்த்தேன் அத்தை. அடுத்த மழைக்கு என் முறை.

அன்புடன்,
முதல் மாடியிலிருந்து