நிறுத்தும் தேதியையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

அம்மாவுக்கு வயது 74. பெருங்குடல் புற்றுநோய்க்குக் கேப்சைட்டபின் என்ற கீமோதெரபி (கீமோ) மாத்திரை: காலை, இரவு என 14 நாள், பிறகு 7 நாள் ஓய்வு. லேசான மறதியும் உண்டு. மருத்துவர் எதைச் சொன்னாலும் "சரிங்க டாக்டர்" என்பார், அறையை விட்டு வெளியே வந்ததும் "என்ன சொன்னாரு?" என்று என்னிடம் கேட்பார்.

இரண்டாம் சுற்றில் ஓய்வு நாளிலும் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தார். வயிற்றுப்போக்கு வந்த பிறகுதான் மாத்திரை அட்டையை எண்ணிப் பார்த்தேன். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. சீட்டில் "1-0-1" என்று மட்டுமே இருந்தது, நிறுத்தும் தேதி இல்லை. இப்போது ஓய்வு நாட்களைக் காலண்டரில் சிவப்பு மையால் அடித்துவிட்டு, மாத்திரையை என் பையிலேயே வைத்துக்கொள்கிறேன். 100.4 டிகிரி காய்ச்சல் என்றால் உடனே மருத்துவமனை என்று தெர்மாமீட்டர் டப்பாவிலேயே எழுதி ஒட்டியாயிற்று.

65 வயதான, அதற்கும் மேற்பட்டவர்களுக்குக் கீமோ தொடங்குமுன் நினைவாற்றலையும் சோதிக்கச் சொல்லி அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2018-லேயே வழிகாட்டியிருக்கிறது. சில நிமிட வேலை. அம்மாவுக்கு யாரும் செய்யவில்லை. மருத்துவர்களே, தேதிகளைப் பெரிய எழுத்தில் எழுதி, கூட வருபவர் கையிலும் ஒரு பிரதி கொடுங்கள். அப்புறம், அந்தக் கூட வருபவரிடம் "நீங்க தூங்குறீங்களா?" என்றும் ஒருமுறை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்