கசகசாப் பொட்டலத்தை எடுத்துவிடு: துபாய்க்குப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று இரவு உன் அம்மா தொலைபேசியில் பேசினாள். நோன்பு மாதத்தில் நீங்கள் மூவரும் துபாய்க்குப் போய் உன் தங்கை வீட்டில் பத்து நாள் தங்கப் போவதாகவும், மகளுக்குக் கைப்பட குருமா வைத்துக் கொடுப்பதற்காகக் கால் கிலோ கசகசாவைப் புடவைகளுக்கு நடுவே பொதிந்து வைத்திருப்பதாகவும் மகிழ்ச்சியோடு சொன்னாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு உறக்கம் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பொட்டலத்தை இன்றே எடுத்துவிடச் சொல். நம் அடுக்களையில் தேங்காயோடு வைத்து அரைக்கும் கசகசா, அபினிச் செடியின் விதை. ஐக்கிய அரபு அமீரகத்தில் அது தடை செய்யப்பட்ட பொருள். சார்ஜாவில் வேலை பார்த்த பதினான்கு ஆண்டுகளில், போதைப்பொருள் விஷயத்தில் அந்த நாடு எவ்வளவு கண்டிப்பானது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சமையலுக்காகத்தான் கொண்டுவந்தேன் என்று உன் அம்மா கண்ணீரோடு சொன்னாலும், சுங்க அதிகாரி அதை ஏற்றுக்கொண்டு அனுப்பிவிடுவார் என்று நம்பிப் போக முடியாது.

அவளுடைய மாத்திரைகளையும் ஒருமுறை எடுத்துப் பார். வலியைக் குறைக்கும் டிரமடால், கோடீன் போன்றவை சேர்ந்த மருந்துகள் அங்கே கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. மருத்துவர் எழுதிய சீட்டும், அந்நாட்டு அரசிடம் இணையவழியில் முன்கூட்டியே பெற்ற அனுமதியும் கையில் இருக்க வேண்டும். சில இருமல் மருந்துகளில்கூடக் கோடீன் உண்டு என்பதால், புட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிக்காமல் எதையும் பெட்டியில் வைக்காதே.

"நாம் ஒரு தப்பும் செய்யப் போவதில்லையே மாமா, எதற்கு இவ்வளவு பயம்?" என்று போன வாரம் நீ கேட்டாய். எது தப்பு என்பதை நம் ஊர்ப் பழக்கத்தை வைத்தே நீ முடிவு செய்துகொள்கிறாய் என்பதுதான் என் கவலை. நானும் அப்படித்தான் போனேன். சார்ஜாவில் முதல் ஆண்டு, ஒரு மாலை நேரத்தில் காலித் ஏரிக்கரையில் நின்று கைப்பேசியில் படம் எடுத்தேன். அருகில் விரிப்பில் அமர்ந்திருந்த ஓர் உள்ளூர்க் குடும்பத்தின் பெண்களும் அதில் விழுந்துவிட்டார்கள். அந்த வீட்டுப் பெரியவர் எழுந்து வந்து, குரலை உயர்த்தாமல், படத்தை அழிக்கச் சொன்னார். அழித்தேன். ஆனாலும், ஏரியைத்தானே எடுத்தேன், இதில் என்ன குற்றம் என்ற மனத்தாங்கல் எனக்குப் பல நாள் இருந்தது. அவர் காவல்துறையை அழைத்திருந்தால் என் வேலையே போயிருக்கும் என்பதும், அவர் எனக்குச் செய்தது பெரிய தயவு என்பதும் பிறகுதான் புரிந்தன. இப்போதுள்ள 2021-ஆம் ஆண்டின் இணையக் குற்றச் சட்டப்படி, ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவரைப் படம் எடுத்து அவருடைய அந்தரங்கத்தில் தலையிட்டால், குறைந்தது ஆறு மாதச் சிறையோ, 1,50,000 முதல் 5,00,000 திர்ஹாம் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். வாட்ஸாப்பில் ஒருவரைத் திட்டி எழுதுவதும் அங்கே வழக்குக்கு உரியது. நண்பர்களை உரிமையோடு வசைச்சொல் சொல்லி அழைக்கும் நம் பக்கத்து வழக்கத்தை அந்தப் பத்து நாளாவது நீ விட்டுவிட வேண்டும்.

கூந்தன்குளத்தில் நடந்த உறவினர் கல்யாணம் உனக்கு நினைவிருக்கிறதா? மாப்பிள்ளை அழைப்புக்கு வெடிக்கவென்று நீங்கள் சிறுவர்கள் பை நிறைய வேட்டு கொண்டுவந்திருந்தீர்கள். குளத்தில் கூழைக்கடாவும் நாரையும் குஞ்சு பொரித்திருக்கின்றன, தீபாவளிக்குக்கூட இங்கே நாங்கள் வெடி போடுவதில்லை என்று அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் வந்து சொன்னார். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். ஆனால் மறுநாள் காலையில், வீட்டுக் கொல்லை மரங்களில்கூடப் பறவைகள் அச்சமின்றிக் கூடு கட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, ஊருக்குக் கிளம்பவே மாட்டேன் என்று அடம்பிடித்தவனும் நீதான். எந்த அறிவிப்புப் பலகையும் இல்லாமல், கேட்டால்தான் தெரியும் என்ற நிலையில் இருக்கும் இப்படிப்பட்ட வழக்கங்கள் எல்லா ஊரிலும் உண்டு. பாபநாசத்தில் வெளியூரிலிருந்து வருகிறவர்கள் பரிகாரம் என்று உடுத்திய துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டுப் போகும்போது நமக்கு எப்படி வயிறு எரிகிறது என்பதையும் நினைத்துப் பார்.

அபுதாபியில் உள்ள ஷேக் ஸாயித் பெரிய பள்ளிவாசலுக்கு நிச்சயம் போங்கள். திருச்செந்தூரில் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே போவது மரியாதை. அங்கே உடம்பை மூடிக்கொள்வது மரியாதை. நீ அரைக்கால் சட்டையை உன் தங்கை வீட்டிலேயே விட்டுவிடு. பெண்கள் இருவரும் கையும் காலும் மறையும் உடையணிந்து, தலையையும் மூடிக்கொள்ள வேண்டும். படம் எடுக்கலாம், ஆனால் நிற்கும் விதத்தில் அடக்கம் வேண்டும். 2013-இல் உலகப் புகழ்பெற்ற பாடகி ஒருவரையே, படத்துக்கு நின்ற விதம் இடத்துக்குப் பொருந்தவில்லை என்று வெளியே போகச் சொன்னார்கள். அதே அபுதாபியில், அந்நாட்டு அரச குடும்பம் கொடுத்த நிலத்தில் கட்டப்பட்டு 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட சுவாமிநாராயண் கோயிலும் இருக்கிறது. உன் அம்மாவை அங்கே அழைத்துப் போ, மிகவும் சந்தோஷப்படுவாள்.

நோன்பைப் பற்றி மேலப்பாளையத்து நண்பர்களோடு வளர்ந்த உனக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகலில் தெருவிலோ காரிலோ வைத்து உண்ண வேண்டாம், தண்ணீர்கூடக் குடிக்க வேண்டாம். வீட்டுக்குள்ளோ, அதற்கென்று திறந்திருக்கும் உணவகத்துக்குள்ளோ வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் பாங்கு ஒலித்த பிறகு அந்த நகரம் விழித்துக்கொள்ளும் அழகைப் பார்க்க, ஒரு நாளாவது பழைய துபாயில் தேராப் பக்கம் நடந்து வாருங்கள். மெட்ரோவில் போகும்போது, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒதுக்கிய பெட்டியில் மறந்தும் ஏறாதே. 100 திர்ஹாம் அபராதம். உள்ளே எதையாவது தின்றாலும் அதே தொகைதான்.

வியாழக்கிழமை நீங்கள் திருவனந்தபுரத்துக்குக் காரில் கிளம்பும் முன் நான் வீட்டுக்கு வருகிறேன். பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டாமல் வை. மருந்துப் பையையும் பொடி டப்பாக்களையும் நாம் இருவரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம். கசகசா இல்லாமல் முந்திரியை அரைத்துவிட்டுக் குருமா வைக்கும் முறை உன் அத்தைக்குத் தெரியும். அதை உன் அம்மாவிடம் அவளே சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள்.

அன்புடன்,
உன் மாமா