பைபாஸ்ல பெருந்தமனிய எப்படி கையாளப் போறீங்கன்னு கேளுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர் மருத்துவப் பக்கத்துல, பைபாஸ் ஆபரேஷன்ல ரத்தக் குழாய்ல போடற துளைய உள்பக்கமா அடைச்சுக்கிட்டு தையல் போடறதுக்கு வந்திருக்கிற சின்ன கருவி பத்தி ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க. இந்த மாதிரி விஷயத்த தமிழ்ல எழுதறதே அபூர்வம், அதுக்கு முதல்ல நன்றி. ஆனா முடிக்கும்போது இந்தக் கருவி இருந்தா ஆபரேஷனுக்கு அப்பறம் பக்கவாதம் வருமோங்கற பயமே வேணாம்னு படிக்கறவங்க நினைச்சுக்கற மாதிரி முடிச்சுட்டீங்க. அதான் எழுதறேன். நான் வேலை பாத்த காலம் பூரா ஹார்ட் ஆபரேஷன் தியேட்டர்ல ஸ்க்ரப் நர்ஸா இருந்தவ, அந்தக் கருவிய பாக்கெட் பிரிச்சு சர்ஜன் கையில எடுத்துக் குடுத்தவ. இப்ப ரிட்டையர் ஆகி பாபநாசத்துல இருக்கேன். கட்டுரை வந்த மறுநாளே வலங்கைமான்லேர்ந்து ஒரு பொண்ணு பேப்பர கையில பிடிச்சுக்கிட்டு வந்துட்டா, அப்பாவுக்கு பைபாஸ் தேதி குடுத்திருக்காங்க, இந்த சாமான் இல்லாத ஆஸ்பத்திரின்னா வேற இடத்துக்கு மாத்திடலாமா அக்கான்னு. அவளுக்கு நேர்ல சொன்னத எல்லாருக்கும் சொன்னா நல்லதுன்னு தோணுச்சு.

பைபாஸ்ல என்ன நடக்குதுன்னு முதல்ல. அடைப்ப யாரும் எடுக்கறதில்ல. கால்லேர்ந்து ஒரு வெயின எடுத்து, அதோட ஒரு முனைய அடைப்பு தாண்டி இருக்கிற இதயக் குழாய்ல தைப்பாங்க, இன்னொரு முனைய இதயத்துலேர்ந்து ரத்தம் வெளிய வர்ற பெருந்தமனி, அதாவது அயோர்டாவுல தைப்பாங்க. நெஞ்செலும்புக்கு உள்பக்கம் ஓடற மேமரி ஆர்ட்டரிய உபயோகிச்சா அதோட மேல் முனை ஏற்கனவே சொந்த இடத்துல ஒட்டிக்கிட்டுதான் இருக்கும், கீழ் முனைய மட்டும் தைச்சா போதும். 1964-ல லெனின்கிராட்ல கோலெசோவ்ங்கற சர்ஜன் இந்த மேமரி ஆர்ட்டரியதான் இதயக் குழாயோட தைச்சாரு, அதுல அயோர்டாவ தொடற வேலையே இல்ல. 1967-ல அமெரிக்காவுல க்ளீவ்லாண்ட்ல ஃபவலோரோ கால் வெயின வெச்சு பண்ண ஆரம்பிச்சாரு, அந்த வழி பரவினதோடதான் அயோர்டாவுல துளை போட்டு தைக்கிறது உலகம் பூரா வழக்கமாச்சு. நம்ம ஊர்ல 1975-ல பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில டாக்டர் கே.எம். செரியன் பண்ணதுதான் இந்தியாவோட முதல் பைபாஸ்.

இப்ப சிக்கல் எங்கன்னு பாருங்க. அயோர்டா கிட்டத்தட்ட மூணு சென்டிமீட்டர் அகலம், அதுக்குள்ள முழு பிரஷர்ல ரத்தம் ஓடுது, சும்மா துளை போட்டா கூரை வரைக்கும் பீச்சும். அதனால ஒரு வளைஞ்ச கிளாம்ப வெச்சு அயோர்டாவோட ஒரு ஓரத்த மட்டும் கவ்விப் பிடிச்சு, ரத்தம் வராத அந்தப் பாக்கெட்ல துளை போட்டு தைப்பாங்க. அனஸ்தீசியா டாக்டர் அந்த நேரத்துக்கு பிபிய 90, 100-க்கு இறக்கிக் குடுப்பாரு. நல்ல குழாயா இருந்தா இதுல ஒண்ணும் ஆகாது. ஆனா வயசானவங்க, வருஷக்கணக்கா சுகர் இருக்கறவங்க, பீடி சிகரெட் பிடிச்சவங்க, கிட்னி போனவங்க, இவங்களுக்கு அயோர்டா சுவத்துல கொழுப்பும் கால்சியமும் படிஞ்சு கிடக்கும். அத கிளாம்ப் போட்டு நசுக்கி மறுபடி திறக்கும்போது ஒரு துணுக்கு பேத்துக்கிட்டு ரத்தத்தோட மேல போனா நேரா மூளைக்குத்தான். இதயம் நல்லா ஆயிடும், ஆனா மனுஷனுக்கு ஒரு பக்கம் விழுந்துடும். பைபாஸ் பண்ணிக்கற நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு பக்கவாதம் வர்றதா பொதுவா சொல்வாங்க, குழாய் கெட்டுப்போனவங்களுக்கு இன்னும் கூட.

ஐசியூவுல மயக்கம் தெளியும்போது நாங்க மானிட்டர பாக்கறதுக்கு முன்னாடி பேஷண்ட்டோட ரெண்டு கையிலயும் எங்க விரல வெச்சு அழுத்துங்கம்போம். ஒரு தடவ ஒரு பெரியவர், நீடாமங்கலம் பக்கம், விவசாயம், ஆபரேஷன் எந்தத் தடங்கலும் இல்லாம முடிஞ்சது, க்ராஃப்ட், அதாவது புதுசா தைச்ச குழாய் எல்லாம் அருமையா ஓடுது. இடது கையால என் விரல இறுக்கிப் பிடிச்சாரு, வலது கை அப்படியே கிடந்துச்சு. திரும்பத் திரும்ப கேட்டேன், அவருக்கு நான் சொல்றது புரியுது, கண்ணுல தண்ணி வருது, கை மட்டும் அசையல. வெளிய அந்தம்மா ஃப்ளாஸ்க்ல கஞ்சி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, அன்னிக்கு இருந்த முறைப்படி எல்லாம் சரியாத்தான் பண்ணாங்க. ஆனா ஆபரேஷனுக்கு முன்னாடி இப்படி ஒண்ணு நடக்கலாம்னு அந்தம்மாவுக்கு யாரும் புரியற மாதிரி சொல்லியிருக்கல, இங்கிலீஷ் ஃபாரத்துல கைநாட்டு மட்டும் வாங்கியிருந்தாங்க. அது எனக்கு இன்னிக்கும் ஆறல.

இந்த கிளாம்ப் போடாம இருக்கறதுக்கு வந்ததுதான் நீங்க எழுதின கருவி. தியேட்டர்ல நாங்க பொதுவா சீல் சீல்ம்போம், எங்க டேபிளுக்கு அதிகம் வந்தது ஹார்ட்ஸ்ட்ரிங்ங்கற பேர்ல விக்கற சீல். அது எப்படி வேலை செய்யுதுன்னு உங்க கட்டுரையில சுருக்கமா போயிடுச்சு, அதனால கொஞ்சம் சொல்றேன். ஒரு கட்டர் வெச்சு அயோர்டாவுல வட்டமா நாலு மில்லிமீட்டர் போல ஒரு துளை. கட்டர் வெளிய வந்த நொடியில சர்ஜன் விரலால மூடிக்குவாரு. என் கையில சீல் ஏற்கனவே சுருட்டி ஒரு குழல்ல ஏத்தி தயாரா இருக்கும், விரல எடுத்ததும் குழல துளைக்குள்ள விட்டு தள்ளினா உள்ள போயி வட்டமா விரிஞ்சுக்கும், அத லேசா வெளிப்பக்கமா இழுத்து வெச்சா போதும். மதகுல தண்ணி நிக்கிற பக்கமா பலகைய இறக்கினா தண்ணியே அழுத்தி அத மூடிக்கும் பாருங்க, அந்தக் கதைதான், உள்ள இருக்கிற ரத்த பிரஷரே சீல சுவரோட ஒட்டிப் பிடிச்சுக்குது. அப்பறம் ப்ரோலீன் நூலால வெயின துளைய சுத்தி தைப்பாங்க, கொஞ்சம் ரத்தம் கசியும், அசிஸ்டன்ட் ப்ளோயர வெச்சு ஊதி ஊதி இடத்த தெளிவா காட்டிக்கிட்டே இருப்பாரு. கடைசித் தையல தளர்வா விட்டுட்டு வெளிய தொங்கற நூல இழுத்தா சீல் அப்படியே பிரிஞ்சு நீளமான இழையா வெளிய வந்துடும், உடனே முடிச்சு. உள்ள எதுவும் தங்காது. வந்த இழை முழுசா இருக்கான்னு நான் கையில வாங்கிப் பாத்து சரின்னு சொன்னாத்தான் அடுத்த வேலை. அந்த மொத்த நேரமும் அயோர்டாவுல ரத்தம் ஓடிக்கிட்டேதான் இருக்கும், நசுக்கறதே கிடையாது. முதல் தடவ பாத்தப்ப எனக்கு அழுகையே வந்துச்சு, அந்தப் பெரியவருக்கு இது கிடைச்சிருக்கக் கூடாதான்னு.

இவ்வளவு நல்ல சாமான்னு சொல்லிட்டு அப்பறம் ஏன் குறை சொல்றேன்னா, இது எல்லாருக்கும் வேண்டியதில்ல, எல்லாத்தையும் தடுக்கறதும் இல்ல.

ஹார்ட்ட நிறுத்தி, அதோட வேலைய செய்யற மிஷின்ல போட்டு பண்ற ஆபரேஷன்னா அயோர்டாவுல எப்படியும் குழாய் சொருகணும், முழுசா கிளாம்ப் போடணும், நிறைய சர்ஜன் அந்த ஒரே கிளாம்ப் நேரத்துலயே மேல் தையலையும் முடிச்சுடுவாங்க, அங்க இந்த சீலுக்கு பெரிசா வேலை இல்ல. இது உபயோகப்படறது முக்கியமா ஹார்ட் துடிச்சுக்கிட்டே இருக்கும்போது பண்ற பீட்டிங் ஹார்ட் ஆபரேஷன்லதான், நம்ம நாட்டுல அதுதான் நிறைய நடக்குதுங்கறதால நமக்கு இந்தப் பேச்சு முக்கியம். அடுத்தது, சீல் போட்டாலும் துளை துளைதான். துளை போடற இடத்துலயே கால்சியம் இருந்தா கட்டர் சுத்தமா வெட்டாது, சீல் ஒட்டி உக்காராது, அங்கயும் துணுக்கு கிளம்பலாம். தைக்கிற ஊசி சீல குத்திடுச்சுன்னா வெளிய வராம மாட்டிக்கும். சரியா விரியலேன்னா இன்னொண்ணு பிரிக்கணும், பில்லு ரெண்டாகும். கிளாம்ப விட இது மேலுங்கறது உண்மை, ஆனா அயோர்டாவ தொடவே தொடாம, ரெண்டு பக்கத்து மேமரி ஆர்ட்டரியையும் எடுத்து ஒண்ணோட ஒண்ணு சேத்து பண்ணா பக்கவாதம் இன்னும் குறைவு. அதுக்கு கை தேர்ந்த சர்ஜன் வேணும், நேரம் அதிகம், சுகர் அதிகமா இருக்கறவங்களுக்கு நெஞ்செலும்பு கூடறதுல தொந்தரவும் வரலாம், அதையும் சொல்லிடணும்.

ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு மூணு நாள் கழிச்சு வர்ற பக்கவாதமும் உண்டு, அது ஹார்ட் துடிப்பு தாறுமாறா போயி உள்ள ரத்தம் கட்டி வர்றது. கழுத்துக் குழாய்ல அடைப்பு இருந்து வர்றதும் உண்டு. இதுக்கெல்லாம் எந்த சீலும் பதில் இல்ல.

புது சாமான்னாலே ஒசத்தின்னு நினைக்கறதுக்கும் ஒரு வார்த்த. தையலே இல்லாம வெயின அயோர்டாவோட ஒரு உலோக வளையத்தால இணைக்கிற சிமெட்ரின்னு ஒரு கருவி 2001-ல அமெரிக்காவுல அனுமதி வாங்கி வந்துச்சு, அதுவும் கிளாம்ப் வேணாம், சட்டுனு முடியும்னு ஆசையா வாங்கினாங்க. கொஞ்ச நாள்லயே இணைச்ச இடம் சுருங்கறது, அடைச்சுக்கறதுன்னு புகார் வந்து 2004-ல விக்கறதயே நிறுத்திட்டாங்க. தையல் போடற கைக்கு மதிப்பு இன்னும் போகல.

ஆக, அந்த வலங்கைமான் பொண்ணுகிட்ட நான் சொன்னது இதுதான். சீல் இருக்கான்னு முதல்ல கேக்காத. அப்பாவோட அயோர்டா எப்படி இருக்கு, சிடி ஸ்கேன்லயோ எக்கோவுலயோ கால்சியம் தெரியுதா, கழுத்துக் குழாய்ல அடைப்பு இருக்கான்னு டாப்ளர் ஸ்கேன் பாத்தாச்சா, தியேட்டர்ல நெஞ்ச திறந்ததும் அயோர்டா மேலயே ப்ரோப வெச்சு ஸ்கேன் பண்ற வசதி இருக்கான்னு கேளு. சர்ஜன் விரலால தொட்டுப் பாப்பாரு, அதுல கல்லா இருக்கறது தட்டுப்படும், மெத்துனு இருக்கிற கொழுப்பு தட்டுப்படாது, பேத்துக்கிட்டு போறதுல அதுதான் மோசம், அதான் ஸ்கேன். குழாய் கெட்டிருந்தா என்ன பண்ணுவீங்க, கிளாம்பா, சீலா, தொடாமலேவான்னு அதுக்கப்பறம் கேளு. இந்தக் கேள்விக்கு எந்த நல்ல சர்ஜனும் கோவிச்சுக்க மாட்டாரு, நான் பாத்த வரைக்கும் சந்தோஷப்பட்டுத்தான் படம் போட்டு காட்டுவாங்க.

நம்ம டெல்டாவுல ஜனங்க எப்படி ஆபரேஷனுக்கு வர்றாங்கன்னு உங்களுக்கே தெரியும். வேதாரண்யம், முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி பக்கத்துலேர்ந்து தஞ்சாவூரோ திருச்சியோ வரணும். நெஞ்சு வலிச்சாலும் அறுப்பு முடியட்டும், கொள்முதல் காசு வரட்டும்னு தள்ளிப் போட்டு, நகைய கூட்டுறவு பேங்க்ல வெச்சுட்டு வருவாங்க. வந்த இடத்துல டிஸ்போசபிள்னு ஒரே வரியில பெரிய தொகை பில்லுல நிக்கும், என்ன ஏதுன்னு கேக்க நா எழாது. அவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். சீல் மாதிரி ஒரு தடவ மட்டும் உபயோகிக்கிற சாமான் எல்லாத்தோட பாக்கெட்லயும் லாட் நம்பர், காலாவதி தேதி போட்ட ஸ்டிக்கர் இருக்கும், அத உரிச்சு கேஸ் ஷீட்ல ஒட்டறது தியேட்டர் வழக்கம். பில்லுல போட்டிருந்தா அந்த ஸ்டிக்கர காட்டுங்கன்னு தாராளமா கேக்கலாம். சீல் உடம்புக்குள்ள தங்கறது இல்லையே, அப்பறம் ஸ்டிக்கர் எதுக்குன்னு யாராவது சொன்னா விட்டுடாதீங்க.

அரசாங்கத்துக்கும் ரெண்டு கோரிக்கை இருக்கு, உங்க பேப்பர் வழியா போனா மதிப்பு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, பைபாஸும் அதுல வருது, அதனால பொழைச்ச குடும்பங்கள நான் கண்ணால பாத்திருக்கேன். ஆனா பேக்கேஜ்னா மொத்தமா ஒரு தொகை, அதுக்குள்ள விலை கூடின சாமான் போட எந்த ஆஸ்பத்திரியும் யோசிக்கத்தான் செய்யும். அயோர்டா கெட்டிருக்குன்னு ஸ்கேன்ல தெரிஞ்ச பேஷண்ட்டுக்கு மட்டுமாவது சீலுக்கு தனியா தொகை சேத்துக் குடுக்கணும், அந்த ஸ்கேன் படத்தையே ஆதாரமா கேட்டா வேண்டாதவங்களுக்கு போட்டு காசு பாக்கறதும் நடக்காது. விலையும் பாருங்க, 2017-ல மருந்து தடவின ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய்னு உச்ச விலை கட்டினாங்க, அதே வருஷம் முழங்கால்ல வெக்கிற செயற்கை மூட்டுக்கும் கட்டினாங்க, அது முடியும்னா இதுவும் முடியும்.

இன்னொண்ணு கன்சென்ட் ஃபாரம், அதாவது ஆபரேஷனுக்கு சம்மதம்னு கையெழுத்து வாங்கற ஃபாரம். பைபாஸ் கன்சென்ட் கண்டிப்பா தமிழ்ல இருக்கணும், அதுல பக்கவாதம் வரலாம்னு ஒரு வார்த்தையோட நிறுத்தாம, அயோர்டாவ எப்படி கையாளப் போறோம், ஏன் அந்த வழின்னு நாலு வரி சர்ஜன் கையால எழுதி, கூட இருக்கறவங்களுக்கு படிச்சுக் காட்டி அப்பறம் கையெழுத்து வாங்கணும். அதுக்கு அஞ்சு நிமிஷம் ஆகுமா.

ஆசிரியருக்கு என் வேண்டுகோள், அந்தக் கட்டுரையோட தொடர்ச்சியா ஒரு ஹார்ட் சர்ஜன பேச வெச்சு, கிளாம்ப், சீல், தொடாம பண்றது மூணுக்கும் படம் போட்டு யாருக்கு எதுன்னு அரைப் பக்கம் போடுங்க. முடிஞ்சா குறுவை அறுப்புக்கு முன்னாடியே போடுங்க, அது முடிஞ்ச கையோடதான் நம்ம பக்கத்து ஜனங்க கூட்டமா ஆஸ்பத்திரிக்கு கிளம்புவாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தியேட்டர் நர்ஸ்,
பாபநாசம், தஞ்சாவூர் மாவட்டம்.