வண்ணமேறிய வெள்ளிக்காசை மறுமதிப்பீட்டுக்கு அனுப்பலாமா?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து, தரமிட்டு பிளாஸ்டிக் உறையில் அடைத்த வெள்ளிக்காசைக் கொண்டுவந்து, "இதை வேறு நிறுவனத்துக்கு அனுப்பினால் இன்னும் ஒரு புள்ளி ஏறுமா?" என்று பலர் கேட்கிறீர்கள். கடையில் நின்றபடி அரைகுறையாகச் சொன்ன பதில் எங்களுக்கே போதவில்லை. அதனால்தான் இந்த மடல்.

காசுக்கு 70 புள்ளி வரை தரமிட்டு உறையில் அடைக்கும் பெரிய நிறுவனங்கள் வெளிநாட்டில் உள்ளவை. எனவே முதலில் சட்டம். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. விக்டோரியா, ஏழாம் எட்வர்டு ரூபாய்கள், நம் தரங்கம்பாடி டேனிஷ் காசுகள் எல்லாம் இதில் அடங்கும். இவற்றை நாங்கள் எந்தப் பொதியிலும் சேர்க்க மாட்டோம். பேச்சு எல்லாம் ஆறாம் ஜார்ஜ் ரூபாய், 1969-ஆம் ஆண்டுக் காந்தி நூற்றாண்டுப் பத்து ரூபாய் போன்றவற்றைப் பற்றித்தான்.

சென்ற மாதம் ஒருவர் அந்தப் பத்து ரூபாயைக் கொண்டுவந்தார். 15 கிராம், 80 விழுக்காடு வெள்ளி. வெகுகாலம் காகிதப் பொட்டலத்தில் கிடந்த காசு. காகிதத்திலும் காற்றிலும் உள்ள கந்தகம் வெள்ளியோடு சேர்ந்து மெல்லிய படலமாகிறது. மழைநீரில் மிதக்கும் எண்ணெய் போல, படலத்தின் கனத்துக்கேற்ப மஞ்சள், செம்மை, நீலம் என்று நிறம் மாறும். இந்தக் காசின் விளிம்பில் கருநீலம், உள்ளே ஊதா, காந்தியின் கன்னத்தருகே வைக்கோல் மஞ்சள். எழுத்துகளை ஒட்டி நூல் போல வெளுப்பு. விளக்கடியில் சாய்த்தால் நிறத்துக்கு அடியில் ஒளி சக்கரமாகச் சுழன்றது, இயற்கையாக ஏறிய நிறத்தின் அடையாளம் அது. மருந்தும் சூடும் கொடுத்து ஏற்றிய நிறம் பெரும்பாலும் ஒளியை மறைத்து மேலே படர்ந்து நிற்கும், கீறலுக்குள்ளும் இறங்கியிருக்கும்.

அது என்.ஜி.சி. என்ற அமெரிக்கத் தரமிடும் நிறுவனத்தின் உறையில் 65 புள்ளியும் நட்சத்திரமும் பெற்ற காசு. நட்சத்திரம் கண்ணைக் கவரும் அழகுக்காக அந்நிறுவனம் தருவது. பி.சி.ஜி.எஸ். என்ற இன்னொரு அமெரிக்க நிறுவனத்தின் உறைக்கு மாறினால் அந்த நட்சத்திரக் குறி காசோடு வராது. அவரிடம், "அனுப்பாதீர்கள் ஐயா" என்றோம்.

எங்கள் கையும் சுட்டிருக்கிறது. ஆறாம் ஜார்ஜின் 1938 ரூபாய் ஒன்றை, புள்ளி ஏறும் என்று நம்பி, நாங்களே உறையை உடைத்து வேறிடம் அனுப்பினோம். "நிறம் ஐயத்துக்குரியது" என்று எண்ணே இல்லாமல் திரும்பி வந்தது. காசு அதேதான், நிறமும் அதேதான். நிறம் இயற்கையானதா என்பது பார்ப்பவரின் தீர்ப்பு. உறையை உடைக்கும்போது, உங்களுக்குச் சாதகமாக ஏற்கெனவே கிடைத்த தீர்ப்பையும் சேர்த்து உடைக்கிறீர்கள்.

ஆகவே, இனி உறையை உடைத்து அனுப்பும் வேலையை ஏற்க மாட்டோம். உறையோடு அனுப்பி, "இந்தப் புள்ளிக்குக் குறைந்தால் மாற்றவேண்டாம்" என்று எழுதும் வழி உண்டு. அதை மட்டும் செய்து தருவோம். மாறாவிட்டால் காசு பழைய உறையிலேயே திரும்பிவிடும், ஆனால் கட்டணம் திரும்பாது. அதோடு தபால், காப்பீடு, சுங்கம். விற்கும் எண்ணமும், வேறு உறையைத்தான் கேட்கும் ஆளும் இருந்தால் யோசிக்கலாம். உறை கீறிப்போயிருந்தால் அதே நிறுவனத்தில் புது உறை போட்டாலே போதும்.

இன்னொன்று. உறை காற்றுப்புகாத பெட்டி அல்ல. நம் ஊர் ஈரத்தில் நிறம் மெல்ல வளர்ந்து கறுப்பில் போய் முடியும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ரப்பர் பேண்ட் வேண்டாம், அதிலும் கந்தகம் உண்டு. உறையில்லாத காசைக் குத்துவிளக்குபோலப் புளியும் திருநீறும் போட்டுத் துலக்கிவிடாதீர்கள். துலக்கிய காசுக்கு எந்த நிறுவனமும் முழுத் தரம் தராது.

அனுப்பும் முன் ஒருமுறை காசை எடுத்து வாருங்கள். விளக்கடியில் சேர்ந்தே பார்ப்போம். அதற்குக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
உங்கள் நாணயக் கடை, கும்பகோணம்